200 மணி நேரக் கணக்கு

நெருங்கிய நட்பு உருவாக 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழித்திருக்க வேண்டும் என்று கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் ஓர் ஆய்வில் சொன்னார். படித்ததும் பாட்டி ஞாபகம்தான் வந்தது. சின்ன ஊரில் அந்த 200 மணி நேரம் ஒரு வருஷத்திலேயே ஓடிவிடும், அதுவும் உள்ளே உட்கார்ந்து பேசியதைவிட, வாசலில் "சரி வரேன்" என்று சொன்ன பிறகு நின்று பேசியதுதான் அதிகம்.

பாட்டியும் பக்கத்து வீட்டுக்காரரும் மாதக்கணக்கில் பேசாமல் இருந்ததும் உண்டு. அப்போதும் கொல்லைச் சுவர் மேல் கிண்ணம் மட்டும் போய்வரும், வெறும் கிண்ணமாகத் திருப்பித் தரக்கூடாது என்பதில் இருவருக்கும் ஒரே வீம்பு.

அம்மாவின் தோழிகள் எனக்கு இன்னாருடைய அம்மா என்றுதான் தெரியும். பெயர் கேட்கவே தோன்றவில்லை, இப்போது வெட்கமாக இருக்கிறது.

நாங்கள்? வாட்ஸ்அப் குழு, பிறந்தநாளுக்குக் கேக் பொம்மை. ஆனால் நேற்று ஒருத்தி ஆறு நிமிடக் குரல் பதிவு அனுப்பியிருந்தாள், பின்னணியில் குழாய்ச் சத்தம், பாத்திரச் சத்தம், நடுவில் பிள்ளைக்கு ஒரு அதட்டல், விட்ட இடத்திலிருந்து மறுபடி கதை. ரெண்டு தடவை கேட்டேன்.