தேவையில்லை என்று நான் சொன்ன நாள்

2022ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் ஒரு நாள் காலை, கிளையைத் திறந்த சிறிது நேரத்திலேயே, தேநீர்க் கடைகளுக்கு வர்க்கி என்ற மொறுமொறுப்பான பிஸ்கட்டை விநியோகம் செய்யும் ஒருவர் வந்து, தாம் கோயம்புத்தூரில் புதிதாக வாங்கிய மின்சார சைக்கிளின் பில்லை என் மேசையில் வைத்து, “இதுக்கு இன்சூரன்ஸ் போடணுங்க மேடம்” என்றார். பில்லோடு சோதனை நிறுவனம் ஒன்றின் சான்று நகலும் இருந்தது. பெடல் உள்ள வண்டி, சிறிய மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டரில் மோட்டார் தானே நின்றுவிடும், பதிவெண் கிடையாது. “இதுக்கு இன்சூரன்ஸ் தேவையில்லைங்க, இது மோட்டார் வண்டிக் கணக்குல வராது” என்று சொன்னேன். அவர் மகிழ்ச்சியோடு பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

குன்னூரில் ஒரு பொதுக்காப்பீட்டு நிறுவனத்தின் கிளையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்திருக்கிறேன். அதில் பெரும்பகுதி மோட்டார் பாலிசிகளும் இழப்பீட்டுக் கோரிக்கைகளும்தான். அன்று நான் சொன்னதில் சட்டப் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் அந்தத் ‘தேவையில்லை’ என்ற சொல்லை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

சட்டம் சொல்வது இதுதான். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு, பொது இடத்தில் ஓடும் எந்த மோட்டார் வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது அந்த வண்டியால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கான காப்பீடு, கட்டாயம் என்கிறது. ஆனால் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், மின்கலத்தில் ஓடும் சில வண்டிகளை மோட்டார் வாகனம் என்ற வரையறையிலிருந்தே விலக்கி வைக்கின்றன. அரை மணி நேரம் தொடர்ந்து இயங்கும்போது மோட்டாரின் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். மின்கலம் நீங்கலாக வண்டியின் எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. தகுந்த பிரேக்கும், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பானும் வேண்டும். இவற்றை அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் சரிபார்த்திருக்க வேண்டும். இத்தனையும் பொருந்தினால் பதிவு வேண்டாம், ஓட்டுநர் உரிமம் வேண்டாம், காப்பீடும் கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்றுதான் சட்டம் சொல்கிறது. அதைத் தேவையில்லை என்று மாற்றிச் சொன்னவள் நான். வண்டி விற்கும் கடைக்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் சொல்வதற்கும் காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு நான் சொல்வதற்கும் இடையே கேட்பவர் காதில் பெரிய வேறுபாடு உண்டு.

2023 ஜனவரியில் அவருடைய மனைவி வந்தார். விடிவதற்கு முன்பே வர்க்கிப் பெட்டியோடு கோத்தகிரி சாலையில் வண்டிச்சோலையைக் கடந்து எடப்பள்ளிப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது, மூடுபனிக்குள் சாலையின் நடுவே ஒரு காட்டெருமை நிற்பதைக் கடைசி நேரத்தில்தான் பார்த்திருக்கிறார். பிரேக்கை அழுத்தியதும் பனியில் நனைந்திருந்த சாலையில் வண்டி வழுக்கி ஓரக் கால்வாய்க்குள் விழுந்தது. மாடு அவரைத் தொடவே இல்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தகடு வைக்க வேண்டியதாயிற்று. அந்த அம்மா மருத்துவமனை விடுவிப்புச் சுருக்கத்தையும், வண்டி பில்லையும், 20 ரூபாய் பிடித்திருந்த வங்கிப் புத்தகத்தையும் என் முன்னே வைத்து, “பேங்க்ல ஆக்சிடென்ட் இன்சூரன்ஸ் இருக்குதுன்னு சொன்னாங்க மேடம், இதுல எதாச்சும் கிடைக்குமா?” என்று கேட்டார்.

அந்த 20 ரூபாய், பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்துக்கானது. 2015இல் 12 ரூபாய் பிரீமியத்தில் தொடங்கி, 2022 ஜூனிலிருந்து 20 ரூபாயான திட்டம். விபத்தில் உயிர் போனாலோ, இரண்டு கண்களையோ இரண்டு கைகால்களையோ இழந்தாலோ 2 லட்சம். ஒரு கண்ணையோ ஒரு கையையோ ஒரு காலையோ முழுவதுமாக இழந்தால் 1 லட்சம். சைக்கிளில் போனாரா, காரில் போனாரா, நடந்து போனாரா என்று அது கேட்பதில்லை; அந்த வகையில் நல்ல திட்டம், எல்லோரிடமும் இருக்க வேண்டியது என்றே இன்றும் சொல்வேன். ஆனால் முறிந்து, தகடு வைத்து, சேர்ந்துவிடப் போகிற காலுக்கு அதில் ஒரு ரூபாயும் இல்லை. அதை அந்த அம்மாவிடம் நான்தான் சொன்னேன்.

சிகிச்சைச் செலவில் ஒரு பகுதியைத் தமிழ்நாடு அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் ஏற்றிருந்தது. 2021 டிசம்பரில் தொடங்கிய அந்தத் திட்டம், சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தருகிறது. அது இல்லாமல் போயிருந்தால் அந்தக் குடும்பம் அன்றே நகையை அடகு வைத்திருக்கும். 2025 மே மாதத்தில் ஒன்றிய அரசு அறிவித்த கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் ஏழு நாட்களுக்கு ஒன்றரை லட்சம் வரை தருகிறது; ஆனால் அது மோட்டார் வாகனத்தின் பயன்பாட்டால் நேர்ந்த விபத்து என்ற வரையறைக்குள் எழுதப்பட்டிருக்கிறது. மின்சார சைக்கிளில் தனியாக விழுந்தவர் அந்தச் சொற்களுக்குள் எப்படி நுழைவார் என்பதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். வழி தெரியவில்லை.

சிகிச்சை முடிந்த பிறகும் ஐந்து மாதம் அவரால் வண்டி மிதிக்க முடியவில்லை. விற்றால்தான் கமிஷன் என்பதால் அந்த ஐந்து மாதமும் வருமானம் இல்லை. அன்று காலை நான் ‘கட்டாயமில்லை, ஆனால் உங்களுக்கென்று ஒரு தனிநபர் விபத்துக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லியிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக்காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே சொற்களில் விற்கும் சரல் சுரக்ஷா பீமா என்ற பாலிசி இருக்கிறது. அதில் தற்காலிகமாக முழுதும் முடங்குவதற்கான கூடுதல் பிரிவைச் சேர்த்து எடுத்தால், காப்பீட்டுத் தொகையில் 0.2 விழுக்காடு வாரந்தோறும் வரும். 5 லட்சத்துக்கு எடுத்திருந்தால் வாரம் ஆயிரம் ரூபாய். மருத்துவமனைச் செலவுப் பிரிவையும் சேர்த்திருந்தால் 50,000 ரூபாய் வரை அதற்கும். பெரிய தொகை இல்லைதான். ஆனால் அரிசிக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பேருந்துக் கட்டணத்துக்கும் யாரிடமும் கைநீட்டாமல் இருந்திருக்கலாம். எங்கள் மேசை இழுப்பறையிலேயே அந்த விண்ணப்பப் படிவம் இருந்தது.

இதற்குப் பிறகுதான் இந்த வண்டிகளை நான் கவனித்துப் பார்க்கத் தொடங்கினேன். சமவெளிக்காக எழுதப்பட்ட விதி மலையில் வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்பது மெல்லப் புரிந்தது. பொறியியல் படித்த என் அண்ணன் மகன் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். ஆள் 70 கிலோ, வண்டி 25 கிலோ, சுமை 25 கிலோ. பத்து மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றம். மிதிக்காமல் 250 வாட் மோட்டாரை மட்டும் நம்பினால், உராய்வையே கணக்கில் எடுக்காவிட்டாலும் மணிக்கு எட்டுக் கிலோமீட்டரைத் தாண்டாது. எங்கள் ஊரில் அப்படிப்பட்ட ஏற்றம் எத்தனை தெருக்களில் இருக்கிறது என்று இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். ஆகவே மெக்கானிக்கிடம் போய்ப் பெரிய மோட்டாரை மாட்டிக்கொள்கிறார்கள். வேகத்தைக் கட்டுப்படுத்தும் இணைப்பைக் கழற்றிவிடுகிறார்கள். ஏற்றம் ஏறுவதற்காகச் செய்கிற காரியம்தான், அவர்கள் மீது எனக்குக் கோபம் வருவதில்லை. ஆனால் அந்த நிமிடத்திலிருந்து அந்தச் சைக்கிள் சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனமாகிவிடுகிறது. பதிவெண் இல்லாத, உரிமம் கேட்கிற, காப்பீடு இல்லாமல் ஓடுகிற மோட்டார் வாகனம். இறக்கத்திலோ நிலைமை நேர்மாறு. 25 கிலோமீட்டரில் மோட்டார் நின்றுவிட்டாலும் மலை நிற்பதில்லை. சாதாரண சைக்கிளைவிடப் பல கிலோ கூடுதலான வண்டி அதைவிட வேகமாகவே கீழே போகிறது. அந்த வேகம் எந்த விதியிலும் இல்லை, ஏனென்றால் விதி மோட்டார் தரும் வேகத்தை மட்டுமே பேசுகிறது.

2024 அக்டோபரில், இரண்டாம் சீசன் கூட்டத்தின்போது, சிம்ஸ் பூங்காவிலிருந்து பெட்போர்டு வழியாக இறங்கும் சாலையில், வாடகை மின்சார சைக்கிளில் வந்த ஒரு சுற்றுலாப் பயணி, சாலையைக் கடந்துகொண்டிருந்த வயதான அம்மா ஒருவர் மீது மோதிவிட்டார். அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. மகன் முதல் தகவல் அறிக்கையோடு என்னிடம் வந்து கேட்ட கேள்வி, “எந்தக் கம்பெனி மேல கேஸ் போடணுங்க மேடம்?” என்பதுதான். ஸ்கூட்டர் மோதியிருந்தால் அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லியிருப்பேன். பதிவெண்ணிலிருந்து பாலிசி, பாலிசியிலிருந்து நிறுவனம், உதகையில் உள்ள மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் 166ஆம் பிரிவின் கீழ் மனு. 3 கிலோவாட் வரையுள்ள மின்சார இருசக்கர வாகனத்துக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த விகிதப்படி ஆண்டுக்கு 457 ரூபாய். அந்த 457 ரூபாய் கட்டப்பட்டிருந்தால் அந்த அம்மாவுக்குப் பின்னால் ஒரு நிறுவனம் நின்றிருக்கும். இங்கே நிறுவனமே இல்லை. மோதியது வெறும் சைக்கிள் என்றால் தீர்ப்பாயத்துக்கு அதிகாரமும் இல்லை. உரிமையியல் நீதிமன்றத்தில் நீதிமன்றக் கட்டணம் கட்டி, அலட்சியத்தை நிரூபித்து, மோதியவரிடமிருந்து வாங்க வேண்டும். அவரோ இரண்டு நாள் தங்கிவிட்டு ஊர் திரும்பிவிட்டவர்.

“வண்டியோட மோட்டார் என்னன்னு பாத்தீங்களா?” என்று கேட்டேன். யாரும் பார்க்கவில்லை. வழக்கறிஞர் வழியாக மனு கொடுத்து, மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்தபோது, பின்சக்கர மோட்டாரில் 500 வாட் என்று பொறித்திருந்தது. வாடகைக்கு விட்டவர் காட்டிய சான்றோ வேறு மோட்டாருக்கானது. அதனால் மனு இப்போது தீர்ப்பாயத்தில் இருக்கிறது. வண்டி உரிமையாளர் அது சைக்கிள்தான், மனு நிலைக்காது என்று வாதாடுகிறார். தீர்ப்பு அந்த அம்மாவுக்குச் சாதகமாக வந்தாலும் உரிமையாளர் தம் சொந்தப் பணத்திலிருந்துதான் கட்ட வேண்டும். அவரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்த அம்மாவுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதும். வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லோரும், சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், பிறருக்கு நேரும் பாதிப்புக்கான பொறுப்புக் காப்பீடு எடுக்க வேண்டும் என்பதும், நகராட்சி உரிமம் வழங்கும்போதே அதைக் கேட்க வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

மின்சார சைக்கிளில் போகிறவர் மீது வேறொரு மோட்டார் வாகனம் மோதினால் சிக்கல் மிகவும் குறைவு. வெலிங்டன் அருகே வேன் மோதி விழுந்த ஒருவர், தம் வண்டிக்குப் பதிவு இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, ஆகவே கேட்க உரிமை இல்லை என்று நினைத்து இரண்டு மாதம் வீட்டிலேயே இருந்துவிட்டார். நடந்து போகிறவருக்கும் மாட்டு வண்டியில் போகிறவருக்கும் உள்ள அதே உரிமை அவருக்கும் உண்டு. இழப்பீடு வேனின் பாலிசியிலிருந்து வர வேண்டும். அதை அவருக்குச் சொன்னவர் ஒரு மருத்துவமனை ஊழியர் என்று கேள்விப்பட்டபோது, இதுவும் எங்களைப் போன்றவர்கள் சொல்லியிருக்க வேண்டியது என்று வருந்தினேன்.

இப்போது மின்சார சைக்கிள் பில்லோடு யார் வந்தாலும் மோட்டாரில் பொறித்திருக்கும் எண்ணைப் படம் எடுத்து வரச் சொல்கிறேன். சான்றுக்கும் அந்த எண்ணுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். பிறகு யாருக்காக ஓட்டுகிறார், எதை ஏற்றுகிறார், எந்த நேரத்தில் போகிறார் என்று கேட்கிறேன். காப்பீடு கட்டாயமில்லை என்பதையும், அவருக்கு எது பயன்படும் என்பதையும் ஒரே தாளில் எழுதிக் கொடுக்கிறேன். சில நாட்களில் இதற்கு அரை மணி நேரம் ஆகிறது. பின்னால் நிற்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். பாலிசி விற்பதற்காகப் பேசுகிறேன் என்று நினைப்பவர்களும் உண்டு. அவர்களிடம் வேறு எந்த நிறுவனத்திலும் இதே பாலிசி கிடைக்கும், அங்கேயும் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு வர்க்கிக்காரர் மறுபடி வந்தார். கால் சேர்ந்துவிட்டது, சற்றுத் தாங்கி நடக்கிறார். அதே சைக்கிள், அதே சாலை. விபத்துக் காப்பீட்டு விண்ணப்பத்தை எங்கள் இளைய உதவியாளர் நிரப்பிக்கொண்டிருந்தார். தொழில் என்ற இடத்தில் ‘சுயதொழில்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, வேறொரு படிவம் எடுத்து நானே எழுதினேன்: ‘மின்சார சைக்கிளில், விடியற்காலையில், மலைச்சாலையில் வர்க்கி விநியோகம்.’ நாளை ஒரு கோரிக்கை வந்தால், தொழிலைச் சரியாகத் தெரிவிக்கவில்லை என்று எங்கள் அலுவலகமே அவரிடம் சொல்லிவிடக் கூடாது. அவர் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, “மழைக்காலத்துல சாயங்காலமும் ஒரு நடை போறேனுங்க மேடம்” என்றார். அதையும் சேர்த்து எழுதிய பிறகுதான் கையெழுத்து வாங்கினேன்.