இருவாச்சியும் பாதாளத் தவளையும்

இருவாச்சிப் பறவையைப் பார்க்கப் போகிறவர்கள் கோடையிலேயே போய் வந்துவிடுவார்கள். பாதாளத் தவளையைத் தேடுகிறவர்கள் மழைக்குக் காத்திருப்பார்கள். கோடை மழை ஆரம்பிக்கும் சமயம் போனால் இரண்டும் ஒரே சுற்றில் கிடைக்கும் என்பது என் கணக்கு. கேரளத்தின் வாழச்சால் காட்டில் தொடங்கி இடுக்கியில் முடிப்பதாகத் திட்டம்.

இருவாச்சியைக் கண்ணுக்கு முன் காதுதான் பிடிக்கும். சிறகுகளின் அடியை மூடும் சின்ன இறகுகள் இல்லாததால் காற்று இடுக்கில் புகுந்து இரைகிறது. அந்த இரைச்சலோடு வந்த ஆண், உயரமான மரத்தின் பொந்தருகே தொற்றிக்கொண்டது. வாசல் பூசி அடைத்திருந்தது, ஒரு கீறல்தான் மிச்சம். தொண்டைக்குள்ளிருந்து அத்திப்பழங்களை ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து, அலகு நுனியில் பிடித்து உள்ளே நீட்டியது. இன்னொரு அலகு நுனி எட்டி வாங்கிக்கொண்டது. தாயா குஞ்சா என்று கீழிருந்து தெரியவில்லை. எச்சத்தைக் குழைத்து வாசலை அடைத்துக்கொள்வது பெண்தான். மாதக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். பழைய சிறகுகளை உதிர்த்துப் புதிதாக வளர்த்துக்கொள்வதும் அங்கேதான். ஒன்றிரண்டு முட்டைக்கு இத்தனை பாடு!

அப்புறம் பாதாளத் தவளைக்காக இடுக்கி. மழை பிடித்த இரவில், ஓடைக்கரையில் டார்ச்சை அணைத்துவிட்டு நின்றோம். காலுக்கடியில், மண்ணுக்குள்ளிருந்து 'கொக்... கொக்...' என்று ஆண் தவளையின் குரல். பிறகு பாறை ஓரத்தில் ஒரு ஜோடி கண்ணில் பட்டது. ஊதா கலந்த கறுப்பு, கூர்மூக்கு, பலூனை ஊதிக் கைகால் ஒட்டவைத்த மாதிரி உடம்பு. பெண்ணின் முதுகில் ஆண் துளியூண்டாக ஒட்டியிருந்தது.

வருடம் முழுக்க மண்ணுக்குள் கரையான் தின்று வாழும் பிராணி, வெளியே தலைகாட்டுவது சில நாட்கள்தான். இருவாச்சிப் பெண் குஞ்சுக்காக உள்ளே போகிறது. இது குஞ்சுக்காக வெளியே வருகிறது. ஆனால் ஓடையில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் மண்ணுக்குள் போய்விடும். தலைப்பிரட்டைகள் உறிஞ்சுவாயால் பாறையைக் கவ்விக்கொண்டு, வெள்ளத்தோடு தாங்களே மல்லுக்கட்ட வேண்டும். எனக்கென்னவோ இருவாச்சியை விட இதன் மேல்தான் பிரியம். ஊர்க்காரர்கள் முன்பே அறிந்திருந்தாலும், அறிவியல் பெயர் கிடைத்ததே 2003-இல்தான். தவளை ஆய்வாளர் பிஜுவும் பெல்ஜிய ஆய்வாளர் ஒருவரும் வைத்தது. நெருங்கிய சொந்தங்கள் இருப்பது கடல் தாண்டி செஷல்ஸ் தீவுகளில்!

மலைக்கு இந்தப் பக்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே கிடைத்த இதன் பங்காளிக்கு மறைந்த ஆய்வாளர் பூபதியின் பெயரை 2017-இல் வைத்தார்கள். அதற்கு வடகிழக்குப் பருவமழைதான் கணக்கு. ஐப்பசியில் போக ஆள் சேர்க்கிறேன். அட்டைக்குப் பயப்படாதவர்கள் மட்டும் கை தூக்கவும்.