ஆறு மாத உழைப்பு, மார்க் ஷீட்டில் ‘எலெக்டிவ் 4’

எம்.எஸ்சி. புள்ளியியல் முடித்து வேலையில் உட்கார எனக்கு ஐந்து மாதம் ஆனது. இன்டர்வியூவெல்லாம் மூன்றே வாரம். மிச்சம் முழுக்கக் காகிதத்துக்குப் போனது.

கடைசி செமஸ்டரில் எங்களுக்கு ஆய்வேடு அல்லது இன்டர்ன்ஷிப். நான் இன்டர்ன்ஷிப் போனேன். இன்டர்வியூவில் காப்பாற்றியதும் அதுதான். “லெஃப்ட் ஜாயின் போட்டும் வரிசை குறையுதே, ஏன்?” என்றார்கள். லெஃப்ட் ஜாயின் என்பது எஸ்.க்யூ.எல். என்ற டேட்டாபேஸ் மொழியில் இரண்டு டேபிளை இணைக்கும் வழி; இடப்பக்க டேபிளின் வரிசை ஒன்றுகூட விடுபடக் கூடாது. வலப்பக்க டேபிளுக்கான நிபந்தனையை ‘வேர்’ (WHERE) பகுதியில் வைத்தால், ஜோடி கிடைக்காத வரிசைகள் வடிகட்டப்பட்டுப் போய்விடும். இணைப்பு நிபந்தனை எழுதும் ‘ஆன்’ (ON) பகுதிக்கு மாற்ற வேண்டும். எந்த வகுப்பிலும் படித்ததில்லை. தப்பான அறிக்கை அனுப்பி, திட்டு வாங்கிக் கற்றது. (மத்திய எல்லைத் தேற்றத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நிரூபிப்பேன். ஒருத்தரும் கேட்கவில்லை.)

ஆஃபர் வந்தது. சரிபார்ப்பில் மாட்டினேன். ரெஸ்யூமில் ஆறு மாத இன்டர்ன்ஷிப். மார்க் ஷீட்டில் அதற்கு வெறும் ‘எலெக்டிவ் 4’, அதாவது நான்காவது விருப்பப் பாடம் என்றுதான் இருந்தது. ஆதாரம் கேட்டார்கள்.

தேர்வுப் பிரிவில், “டிபார்ட்மென்ட்ல கேளுங்க.” டிபார்ட்மென்ட்டில், “மார்க் ஷீட்டா? தேர்வுப் பிரிவு.” திரும்பிப் போனால் அந்தக் கிளார்க் நிமிராமலே, “பாஸ் ஆயிட்டீங்கல்ல, அப்புறம் என்ன?” என்றார். இரண்டு நாள் வீண். மூன்றாம் நாள் வாயால் கேட்பதை விட்டேன். பாடக் குறியீடு, நிறுவனம், தேதிகள் எல்லாம் போட்டுக் கடிதத்தை நானே டைப் செய்து, பாடத்திட்டத்தில் அந்தப் பக்கத்தையும் இணைத்து நீட்டினேன். துறைத்தலைவர் ஐந்து நிமிடத்தில் கையெழுத்தும் சீலும் போட்டுக் கொடுத்தார்!

இன்னொரு கூத்தும் உண்டு. என் சி.ஜி.பி.ஏ. 7.6. பத்தால் பெருக்கி 76 சதவீதம் என்று படிவத்தில் போட்டுவிட்டேன். எங்கள் விதிப்படி 0.5 கழித்துவிட்டுப் பெருக்க வேண்டுமாம்: 71. மார்க் ஷீட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. கட்-ஆஃப் 70. விளக்கக் கடிதத்தோடு தப்பித்தேன். பல்கலைக்குப் பல்கலை இந்தக் கணக்கு மாறும். பக்கத்து நண்பனைப் பார்த்துப் போடாதீர்கள்.

ஆய்வேடு எழுதிய என் தோழிக்குச் சரிபார்ப்பில் ஒரு கேள்வியும் இல்லை. ஆனால் அவளுக்கு முதல் இன்டர்வியூ அழைப்பு வரவே எட்டு மாதம் ஆனது. இப்போதும் கேட்டால் இன்டர்ன்ஷிப் என்றுதான் சொல்வேன். ஒன்று மட்டும்: கடைசி நாளில் லெட்டர்ஹெட்டில் சேர்ந்த தேதி, முடித்த தேதி, செய்த வேலை மூன்றையும் எழுதி வாங்காமல் வெளியே வராதீர்கள். கல்லூரி மெயில் ஐடியை விண்ணப்பத்தில் கொடுக்கவும் வேண்டாம். என்னுடையது ஆஃபர் வந்த வாரமே முடங்கியது.