தறிய விக்கறதா ஓட்டறதா: குறி பழகுன நாட்கள்

ஜூலை 28

அப்பா போயி ஆறு மாசம் ஆச்சு. எட்டு தறில ரெண்டு தான் ஓடுது இப்போ. மீட்டர் கூலி பத்தலைன்னு அண்ணன் எல்லாத்தையும் வித்துப்போடலாங்குது, எனக்கு மனசு வரல, அம்மா ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்துட்டு "ஆடி கழியட்டும், பூ போட்டு கேட்டுக்கலாம்"னு ஒரே வார்த்தைல முடிச்சிருச்சு. சின்னதுல இருந்து பாத்திருக்கேன், சாமி முன்னால வெள்ளப்பூ வந்தா சரி, சிவப்பு வந்தா வேண்டாம்ங்கற வரைக்கும் தெரியும், ஆனா பூ போடறது எப்படி என்னன்னு ஒழுங்கா கேட்டு தெரிஞ்சுக்கிட்டதே இல்ல. இன்னும் இருவது நாள் இருக்கு. அதுக்குள்ள நம்ம ஊர்ல என்னென்ன குறி இருக்குன்னு பழகி இங்க எழுதி வெக்கறேன், என்ன மாதிரி புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு உதவும்.

ஜூலை 30

ராத்திரி சாப்புடறப்போ பல்லி சொல்லுச்சு. அம்மா உடனே விரலால தரைய தட்டுச்சு. பஞ்சாங்கத்த எடுத்து பாத்தா பல்லி எங்க விழுந்தா என்ன பலன், எந்த திசைல சொன்னா என்ன பலன்னு ஒரு பக்கமே இருக்கு. அகநானூறுல பல்லிக்கு "கணிவாய்"னு அடைமொழியே குடுத்திருக்காங்க, அதாவது ஜோசியம் சொல்ற வாய். காட்டு வழில போன புருஷன நெனச்சுட்டு பொண்டாட்டி வீட்ல உக்காந்து பல்லி சத்தத்துக்கு காது குடுத்த காலத்துல இருந்து இது வருது.

ஆனா இதுல ஒண்ணு கவனிச்சேன். பல்லிய நாம கேக்கல, அதா வந்து சொல்லுது. அப்போ அது சகுனம். நாம ஒரு கேள்விய வெச்சு பதில் கேக்கறது தான் குறி. ரெண்டையும் கொழப்பிக்கிட்டா நாள் பூரா எதைக் கண்டாலும் பயந்துட்டே இருக்கணும்.

ஆகஸ்ட் 3

இன்னைக்கு நெல்ல வெச்சு உக்காந்தேன், மதியம் போனதே தெரியல.

சங்க காலத்துல பொண்ணு வாடிப்போனா கட்டுவிச்சிய, அதாவது குறி சொல்ற பொம்பளைய கூப்புடுவாங்க. அவ மொறத்துல நெல்ல பரப்பி நாலு நாலா எண்ணுவா. கடைசில மிஞ்சறது ஒண்ணோ ரெண்டோ மூணோன்னா முருகன் அணங்கு, அதாவது முருகன் பிடிச்சதால வந்தது, நாலாவே நின்னா வேற நோய். இதுக்கு கட்டு காணறதுன்னு பேரு. நான் ஒரு கை நெல்லு அள்ளி பன்னெண்டு தடவ எண்ணுனேன், ஒம்போது தடவ முருகன் பக்கமே வந்துச்சு. அப்பறம் தான் உறைச்சுது, நாலு வழில மூணு வழி முருகனுக்கே தானே இருக்கு! தாயி ஏற்கெனவே முருகன் தான்னு நெனச்சு தான் கூப்புட்டிருப்பா, முறையும் அந்தப் பக்கமே சாஞ்சிருக்கு.

இத நான் கொறையா சொல்லல. அந்த வீட்டுக்கு வெறியாடி, அதாவது வேலன் சாமி வந்து ஆடி, பூசை போட ஒரு சம்மதம் தேவைப்பட்டுச்சு, அது கெடச்சுது. ஆனா புதுசா பழகறவங்க எந்தக் குறிய எடுத்தாலும் மொதல்ல ஆமாங்கறதுக்கு எத்தன வழி, வேண்டாங்கறதுக்கு எத்தன வழின்னு எண்ணிப் பாருங்க, அதுக்கு அப்பறம் கேளுங்க.

கேரளா பக்கம் சோழிய வெச்சு குறி பாக்கற சோழி பிரசன்னமும் இதே கணக்கு தான். 108 சோழி, ஒரு கை ஒதுக்கி, எட்டெட்டா பன்னெண்டு பன்னெண்டா கழிச்சு மிச்சத்த பாக்கறது. மிச்சத்துல இருந்து ராசி, அதுல இருந்து பலன். ஆனா அதுக்கு ஜாதகம் நல்லா படிச்சிருக்கணும், சோழிய மட்டும் வாங்கி வெச்சுக்கிட்டா ஆகாது.

ஆகஸ்ட் 7

பழனி அடிவாரத்துல சின்ன வயசுல அப்பா எனக்கு கிளி ஜோசியம் பாத்துச்சு. கிளி நடந்து வந்து சீட்டு எடுத்து குடுத்துட்டு ஒரு நெல்ல வாங்கிட்டு திரும்ப கூண்டுக்குள்ள போச்சு, எனக்கு சரஸ்வதி வந்துச்சு, அப்பா மொகம் இன்னும் ஞாபகம் இருக்கு. ஆனா இப்போ இத பழகச் சொல்ல மாட்டேன். பச்சைக்கிளிய கூண்டுல வெக்கறது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குத்தம். அதோட றெக்கைய வெட்டி தான் நடக்க வெக்கறாங்க, பறக்க வேண்டிய ஜீவன் அது. அந்தத் தொழில்ல இருந்த குடும்பங்களுக்கு வேற வழி கெடைக்கணும், அதுவும் நெஜம் தான்.

ஆகஸ்ட் 11

விரிச்சி கேட்டேன். அதாவது சாமிய கும்பிட்டு நிக்கறப்போ யாரோ எதுக்கோ சொல்ற வார்த்தை காதுல விழும், அதயே பதிலா எடுத்துக்கறது.

முல்லைப்பாட்டுல வருமே, வயசான பொம்பளைங்க நாழி நெல்லும் முல்லைப்பூவும் கொண்டு போயி சாமிய கும்பிட்டு நிப்பாங்க, அப்போ ஒரு இடையர் பொண்ணு கட்டிக்கெடக்கற கன்னுக்குட்டி கிட்ட இப்போ வந்துருவாங்க உங்க அம்மாங்கன்னு சொல்லுவா, அதயே தலைவன் வந்துருவான்னு நல்ல வார்த்தையா எடுத்துக்குவாங்க. அதே மாதிரி சாயங்காலம் மாரியம்மன் கோயில்ல பூவும் நெல்லும் போட்டுட்டு கண்ண மூடி நின்னேன். காதுல விழுந்தது பூக்கார அக்கா யாருக்கோ சொன்னது, "சில்லறை இல்லீங்க, அப்பறமா குடுங்க". ஒண்ணும் புரியாம வீட்டுக்கு வந்தேன்.

அம்மா கிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "அப்பறமாங்கறது தான் கண்ணு உனக்கு விழுந்த வார்த்தை"ன்னுச்சு.

ஆகஸ்ட் 14

சிவன்மலை முருகன் கோயிலுக்கு போனோம், காங்கயம் பக்கம் தான். யாராவது ஒரு பக்தர் கனவுல ஆண்டவர் வந்து ஒரு பொருளச் சொல்லுவாரு, அவங்க கோயிலுக்கு வந்து சொன்னா உடனே வெக்க மாட்டாங்க, சாமி முன்னால பூ போட்டு கேட்டு வெள்ளப்பூ வந்தா தான் அந்தப் பொருள உத்தரவுப் பெட்டில எல்லாரும் பாக்கற மாதிரி வெப்பாங்க. அடுத்த உத்தரவு வர்ற வரைக்கும் அது அங்கயே இருக்கும், நாள் கணக்கு கெடையாது. பெட்டி முன்னால நின்னப்போ எனக்குப் பட்டது இது தான், கனவு கண்டவங்க சொல்லுக்கே அங்க இன்னொரு தடவ கேட்டுப் பாக்கறாங்க. நானும் எனக்கு தோணுனத அப்படியே சாமி வாக்குன்னு எடுத்துக்கக் கூடாது.

ஆகஸ்ட் 16

ரெண்டு நாளா கேள்விக்கே சண்டை. "விக்கலாமா"ன்னு கேக்கணும்னு அண்ணன், "ஓட்டலாமா"ன்னு கேக்கணும்னு நான். ரெண்டும் ஒண்ணு இல்ல. விக்கலாமான்னு கேட்டு சிவப்பு வந்தா எத்தன வருஷத்துக்கு விக்கக்கூடாது? அம்மா தான் அந்த "அப்பறமா"வ திரும்ப எடுத்துச்சு. தை வரைக்கும் ஓட்டலாமான்னு கேளுங்க, ஒரு தடவ தான் கேக்கணும், வந்தத மாத்தக்கூடாது, எது வந்தாலும் ரெண்டு பேரும் செய்வோம்னு மொதல்லயே சொல்லுங்கன்னுச்சு. அண்ணன் சரின்னுச்சு. நானும் சரின்னேன், சொல்றப்போ தொண்டை அடைச்சுது.

ஆகஸ்ட் 18

ஆவணி பொறந்துருச்சு. காலைல மாரியம்மன் கோயில்ல வெள்ள அரளி ஒண்ணு, செவ்வரளி ஒண்ணு, ஒரே அளவு எலைல தனித்தனியா மடிச்சு கட்டி பூசாரி கிட்ட குடுத்தோம். அவரு சாமி பாதத்துல போட்டு கும்பிட்டாரு. அண்ணன் பொண்ணுக்கு அஞ்சு வயசு, எது எதுன்னு தெரியாது, ஒண்ண எடுத்து என் கைல தந்துட்டு "இந்தாங்க அத்தை"ன்னுச்சு.

வெள்ள.

அண்ணன் ஒண்ணும் சொல்லல, கோயில விட்டு எறங்கறப்போவே போன எடுத்து தறில பாவு நூல் பிணைக்கற ஆளுக்கு கூப்பிட்டுச்சு. நாளைக்கு வர்றாங்களாம். நின்ன ஆறு தறில மூணாவது தறிக்கு பெல்ட் போயிருக்கு, சாயங்காலம் போயி வாங்கணும்.