ஒன்பது பக்க சிவியும் ஒரு பென்சிலும்

மருத்துவக் கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலைக்கான என் முதல் நேர்முகத்தில், என் சிவியை, அதாவது படிப்பு, வேலை, ஆய்வு விவரங்கள் அடங்கிய தன்விவரக் குறிப்பைப் புரட்டிக்கொண்டிருந்தவர் ஏழாம் பக்கத்தில் நிறுத்தி, "இந்தப் பதினோராவது பேப்பர்ல நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். எது பதினோராவது என்றே எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை, எட்டிப் பார்த்தேன். எட்டு பேரில் என் பெயர் ஐந்தாவது. நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகளைத் தேடி எடுத்துக் கொடுத்தேன் என்று உண்மையைச் சொன்னேன். "சரி" என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் ஒப்புக்குக் கேட்டது. வேலை கிடைக்கவில்லை.

அந்த சிவி ஒன்பது பக்கம். அதில் எனக்கு உள்ளூரப் பெருமை வேறு. கலந்துகொண்ட ஒவ்வொரு பயிலரங்கும், பார்வையாளராகப் போய் உட்கார்ந்துவிட்டு வந்த மாநாடுகளும், பள்ளியில் வாங்கிய பரிசும்கூட இருந்தன. ஒரே ஆய்வை முதலில் போஸ்டராக, அப்புறம் சுருக்கமாக, அப்புறம் கட்டுரையாக என்று மூன்று இடத்தில் எண்ணியிருந்தேன். ஏமாற்ற வேண்டும் என்று செய்யவில்லை, எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள் என்று நினைத்தேன்.

எங்கள் துறையில் ஒரு மூத்த பேராசிரியர், தேர்வுக் குழுக்களில் பல வருடம் உட்கார்ந்தவர். அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். படிக்கவே இல்லை. ஒரு பென்சிலை என் கையில் கொடுத்து, "எந்த வரியைப் பத்தி உங்களால பத்து நிமிஷம் பேச முடியுமோ, அதுக்கு மட்டும் டிக் போடுங்க" என்றார். ஒன்பது பக்கத்துக்கு மூன்று டிக் விழுந்தது. அதில் ஒன்று, ஒரே நோயாளியைப் பற்றி எழுதும் கேஸ் ரிப்போர்ட், ஒன்று முதுநிலை ஆய்வேடு, மூன்றாவது நான் மாணவர்களுக்கு நடத்திய ஈசிஜி வகுப்பு. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

கட்டுரையில் ஆசிரியராகப் பெயர் போடும் விஷயத்தில் ஐசிஎம்ஜேஇ என்ற மருத்துவ இதழாசிரியர் குழு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது என்பதையே நான் அப்போதுதான் படித்தேன். ஆய்வைத் திட்டமிடுவதிலோ, தகவல் திரட்டுவதிலோ, அலசுவதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும், கட்டுரையை எழுதவோ கருத்தோடு திருத்தவோ செய்திருக்க வேண்டும், இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தர வேண்டும், பின்னால் யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்லப் பொறுப்பேற்க வேண்டும். நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும், ஏதாவது ஒன்று போதாது. அந்தப் பதினோராவது பேப்பரின் இறுதி வடிவத்தை நான் பார்த்ததே அச்சான பிறகுதான்.

இன்னொரு கட்டுரை இதைவிட மோசம். மின்னஞ்சலில் அழைப்பு வந்தது, அனுப்பினேன், ஐந்தே நாளில் ஏற்றுக்கொண்டார்கள். கட்டுரையைப் படித்து மதிப்பிடும் ரிவியூவரின் கருத்து ஒன்றுகூட இல்லை, பணம் கட்டச் சொல்லி பில் மட்டும் வந்தது. நன்றாக எழுதியிருக்கிறேன் போல என்று நினைத்தேன் பாருங்கள்! மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் இருப்பதாக இதழின் இணையப் பக்கத்தில் எழுதியிருந்ததை நம்பினேன், போய்த் தேடிப் பார்க்கவில்லை. தேர்ந்தெடுத்த இதழ்களின் தொகுப்பான மெட்லைனில் இருப்பது, முழுக் கட்டுரைகளைச் சேர்த்துவைக்கும் பிஎம்சி வழியாக பப்மெட்டில் தெரிவது, வெறும் கூகுள் ஸ்காலரில் வருவது மூன்றும் வேறுவேறு என்பதும் அப்போது தெரியாது. இந்தக் கட்டுரையை சிவியிலிருந்து எடுத்துவிடலாமா என்று பென்சில் கொடுத்த அந்தப் பேராசிரியர் மேடத்திடம் கேட்டேன். "பேரைத் தேடினா வந்து நிக்கும். இருக்கட்டும், கேட்டா சொல்லுங்க" என்றார்.

சரி, டிக் போடத் தக்க ஒன்றையாவது செய்வோம் என்று ஒரே ஒரு ஆய்வில் இறங்கினேன். பழைய கேஸ் ஷீட்டுகளிலிருந்து செய்யும் சாதாரண ஆய்வுதான். பழைய பதிவுகள்தானே என்று எத்திக்ஸ் கமிட்டியைத் தள்ளிப்போடக் கூடாது, தகவல் எடுத்து முடித்த பிறகு ஒப்புதல் கேட்டால் யாரும் தர மாட்டார்கள். அப்புறம் ஸ்ட்ரோப் பட்டியலை அச்செடுத்து மேசைக்கு மேலே ஒட்டினேன். இந்த மாதிரி ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று 22 அம்சங்கள் சொல்லும் பட்டியல் அது. பலரும் கட்டுரை எழுதி முடித்துவிட்டு, இதழ் கேட்கிறதே என்று கடைசியில் அதில் பக்க எண் நிரப்புவார்கள். ஆரம்பத்திலேயே படித்தால் விடுபட்ட தகவலை என்ன செய்யப் போகிறாய், எத்தனை பேர் என்று எப்படி முடிவு செய்தாய் என்றெல்லாம் அது முன்கூட்டியே கேட்டுவிடுகிறது. நேர்முகத்தில் கேட்கப்போவதும் அதுதான்.

தகவலைச் சுத்தம் செய்யவே நான்கு மாதம். இரவு எக்செலில் நோயாளிகளின் ரத்தப் பொட்டாசியம் அளவு வரிசையை ஏறுமுகமாக அடுக்கினால் கடைசியில் 45 என்று ஒன்று நிற்கும். அந்த அளவில் மனிதன் உயிரோடு இருக்க முடியாது, 4.5 ஆகத்தான் இருக்க வேண்டும். ஆனால் "இருக்க வேண்டும்" என்று மாற்றிவிட முடியாதே, மறுநாள் பதிவறைக்குப் போய்க் கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இப்படி முப்பது தடவை போயிருப்பேன். பதிவறை அண்ணன் என்னைக் கண்டாலே ஏணியை எடுத்துவிடுவார்.

முதல் இதழ் மூன்றே நாளில் திருப்பியது. இரண்டாவது, இரண்டு மாதம் வைத்திருந்து திருப்பியது. மூன்றாவதில் ரிவியூவர்கள் 14 கருத்து எழுதியிருந்தார்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே பதில், எந்தப் பக்கம் எந்த வரியில் மாற்றினேன் என்று எழுதி அனுப்பினேன். அதில் இரண்டு கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை, ஏன் என்று காரணத்தோடு மரியாதையாக எழுதினேன், ஒத்துக்கொண்டார்கள். தொடங்கியதிலிருந்து அச்சாகும்வரை கிட்டத்தட்ட இரண்டு வருடம்.

அதற்கிடையே சிவியையும் திருப்பி எழுதினேன். ஆய்வுக் கட்டுரை, கேஸ் ரிப்போர்ட், மாநாட்டுச் சுருக்கம் எல்லாம் தனித்தனித் தலைப்பில், புதியது மேலே. எல்லா ஆசிரியர் பெயரும் முழுதாக, என் பெயர் மட்டும் தடித்த எழுத்தில். "மற்றும் பலர்" என்று சுருக்கினால் நான் எத்தனையாவது என்பதை மறைப்பது போலத் தெரியும். கட்டுரைக்குக் கீழே ஒரு வரியில் என் பங்கு. அனுப்பி மட்டும் இருந்ததை "பரிசீலனையில்" என்று, இதழின் பெயர் இல்லாமல். ஆய்வாளர்களை அடையாளம் காட்டும் ஆர்கிட் எண் மேலே. 16 இலக்கம், இலவசம், என் பெயரில் இன்னும் நான்கு டாக்டர்கள் எழுதிக்கொண்டிருப்பதால் எனக்கு ரொம்ப அவசியம். கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதை வைத்துக் கணக்கிடும் எச் இன்டெக்ஸைப் போடவில்லை, 2 என்பதைப் போட்டு என்ன செய்ய? மொத்தம் நான்கு பக்கம் வந்தது.

இரண்டாவது நேர்முகத்தில் சிவியின் முதல் பக்கத்தைத் தாண்டவே இல்லை. பொட்டாசியம் பதிவாகாத நோயாளிகளை என்ன செய்தீர்கள் என்று ஆரம்பித்தார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் அதிலேயே போனது, நடுவில் இரண்டு உறுப்பினர்கள் தங்களுக்குள்ளேயே வாதம் செய்துகொண்டார்கள். எழுந்திருக்கப் போகும் நேரத்தில் ஓரத்தில் இருந்தவர் அந்த ஐந்து நாள் கட்டுரையில் விரலை வைத்து, "இது?" என்றார்.

"ஏமாந்துட்டேன் சார்."

"எவ்வளவு கட்டினீங்க?"

சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் "நான் கட்டினதைவிடக் கம்மிதான்" என்றார். மூன்று வாரம் கழித்து ஆர்டர் வந்தது.