சுங்கை சிப்புட்டில் ஒரு சுத்தபோசன வெள்ளி

கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் ரயில் ஏறும்போது கையில் இரண்டு கறிபாப். பக்கத்து இருக்கையில் ஒரு மலாய்க்கார அக்கா. நோன்பு மாதமாயிற்றே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, சத்தம் வராமல் தின்றேன். முதலாவதில் உருளைக்கிழங்கு. இரண்டாவதைக் கடித்தபோதுதான் கோழி பல்லில் பட்டது. அன்று 2025 மார்ச் 14, கத்தோலிக்கர்களான நாங்கள் இறைச்சி தொடாத தவக்காலத்து வெள்ளி! அடுத்தவர் விரதத்துக்கு மரியாதை கொடுத்த மும்முரத்தில் என் விரதத்தை மறந்துவிட்டேன்.

சுங்கை சிப்புட் என்றால் சரித்திரம் படித்தவர்கள் 1948-ஐச் சொல்வார்கள். மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுடப்பட்டு, மலாயாவில் அவசரகாலம் வந்த கதை. எங்கள் வீட்டில் சுங்கை சிப்புட் என்றால் பெரியம்மா, அவ்வளவுதான்.

கேட்டைத் திறந்ததுமே, "பசியாறிட்டியாடா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியாம சாப்பிட்டா பாவமில்ல. தெரிஞ்சதும் என்ன பண்ணின?"

"மிச்சத்தையும் சாப்பிட்டுட்டேன், பெரியம்மா."

ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டார்.

அவர் பேச்சில் இன்னும் சுத்தபோசனமும் ஒருசந்தியும் இருக்கின்றன. இறைச்சி இல்லாத சாப்பாடு சுத்தபோசனம்; ஒரே வேளை வயிறாரச் சாப்பிடுவது ஒருசந்தி. திருச்சபைச் சட்டத்தில் ஒருசந்தி திருநீற்றுப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் மட்டும்தான். 59 வயது முடிந்துவிட்டால் அதுவும் கட்டாயமில்லை. பெரியம்மாவுக்கு 76. தவக்காலத்தின் எல்லா வெள்ளியும் ஒருசந்திதான், காலையில் பாலில்லாத ஒரு கோப்பி-ஓ மட்டும். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டப் போன நாளிலும் இப்படித்தானாம். எனக்குக் கேட்கவே மயக்கம் வந்தது.

ஐந்து மணிக்குப் பக்கத்து வீட்டு மக்சிக், மலாய்க்கார அம்மா, ஒரு டப்பா புபுர் லம்போக் கொண்டுவந்து நீட்டினார். நோன்பு மாதக் கஞ்சி, மாட்டிறைச்சி போட்டது. பெரியம்மா வாங்கிக்கொண்டு, "சயா புன் புவாசா" என்றார். நானும் நோன்புதான். மக்சிக் சிரித்துவிட்டு, அப்படியானால் நாளைக்குச் சாப்பிடுங்கள் என்று சொல்லிப் போனார். டப்பா குளிர்பெட்டிக்குள் போனது. சனிக்கிழமைவரை அதைத் திறக்க எனக்கும் அனுமதியில்லை.

மாலையில், ஆண்டவரின் பாடுகளைப் பதினான்கு ஸ்தலங்களாக ஜெபிக்கும் சிலுவைப் பாதைக்குப் பழைய தோட்டத்துக்குப் போனோம். கித்தா (ரப்பர்) மரங்கள் போய் இப்போது எல்லாம் செம்பனை. தொழிலாளர்களின் லயத்து வீடுகளையும் இடித்தாயிற்று. சிற்றாலயம் மட்டும் நிற்கிறது. டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஆட்கள் வருகிறார்கள், இருபது பேர் இருக்கும். சுவரில் பதினான்கு படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் பதின்மூன்று. ஒன்பதாம் ஸ்தலத்துப் படத்தைக் கரையான் தின்றுவிட்டது. ஆண்டவர் மூன்றாம் முறை விழும் இடத்தில் ஆணியடித்த சின்ன மரச்சிலுவை மட்டும். ஜெபம் நடத்தும் அண்ணனிடம் கேட்டேன். "சட்டப்படி சிலுவைதான் வேணும், தம்பி. படம் சும்மா வழக்கத்துக்கு" என்றார். உண்மைதான், ஆனாலும் ஒரு படம் வாங்கி மாட்டலாம்.

ஒரு சின்னப் பையன் புதுப் புத்தகத்தைப் பார்த்து வாசித்தான், "கடவுள்" என்று. பெரியம்மாவின் வாயில் "சர்வேசுரன்"தான். அவர் கையிலிருந்த புத்தகத்துக்குக் கறுப்பு டேப்பில் முதுகு கட்டியிருந்தது. ஒரு தடவையும் அதைத் திறக்கவில்லை. ஒவ்வொரு ஸ்தலத்திலும் முழங்கால் போட்டு, "எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி" என்று இழுத்துச் சொன்னார். எழும்பும்போது பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

பன்னிரண்டாம் ஸ்தலம். ஆண்டவர் உயிர்விடும் இடத்தில் எல்லாரும் முழங்காலில் மௌனமாக இருந்தோம். அந்நேரம் பார்த்து எங்கோ சூராவில், சின்னத் தொழுகைக்கூடத்தில், பாங்கு தொடங்கியது, நோன்பு திறக்கும் நேரம். அண்ணன் அவசரப்படவில்லை. பாங்கு முடியும்வரை அப்படியே இருந்தார், நாங்களும் இருந்தோம். என் முழங்கால்தான் கெஞ்சியது. அப்புறம் பதின்மூன்றாவது.

மறுநாள் காலை பெரியம்மா புபுரைச் சட்டியில் சூடுபண்ணி இரண்டு மங்குகளில் ஊற்றினார்.

"இப்ப பசியாறு" என்றார்.