யூ மஸ்ட்னு சொல்லி ஒருத்தங்க மனசு நொந்த கதை

கனடாவுல டொராண்டோல இருக்கற ஸ்கார்பரோ வந்த முதல் குளிர்காலம், கூட வேலை பாத்த ஒரு வயசான கனடாக்கார அம்மா விடாம இருமிட்டே இருந்தாங்க, எனக்கு எங்கம்மா ஞாபகம் வந்து "யூ மஸ்ட் கோ டு டாக்டர், யூ மஸ்ட் டிரிங்க் ஹாட் வாட்டர்"னு ரெண்டு தடவ சொல்லிட்டேன். முகம் வாடிப்போச்சு. அன்னைக்கு முழுக்க எங்கிட்ட பேசவே இல்ல.

ஏன்னு லிங்க் கிளாஸ்லதான் புரிஞ்சுது (பிஆர், அதாவது நிரந்தரமா தங்குற உரிமை வந்தவங்களுக்கு அரசாங்க செலவுல ஃப்ரீயா நடக்குற இங்கிலீஷ் வகுப்பு, கண்டிப்பா போங்க). டீச்சர் விண்டர் டயர (பனிக்காலத்துக்குன்னு காருக்கு மாட்டுற டயர்) வெச்சு சொன்னாங்க. பக்கத்து மாகாணம் கியூபெக்ல டிசம்பர் 1லேர்ந்து மார்ச் 15 வரைக்கும் சட்டப்படி போட்டே ஆகணும், அது மஸ்ட், கட்டளை மாதிரி. டொராண்டோல அந்த சட்டம் இல்ல, ஆனா போட்டா உயிருக்கு நல்லது, அது ஷுட், அறிவுரை மாதிரி. நமக்கு ரெண்டுமே "போடணும்"தானே!

நாம "டாக்டர்ட்ட போகணும்க்கா"ன்னு சொன்னா அந்த அக்காவுலயே மரியாதையும் பாசமும் வந்துடுது, இங்க சின்னவங்க பெரியவங்க எல்லாருக்கும் ஒரே யூ, அதனால மரியாதை பூரா மஸ்ட்டா ஷுட்டா மைட்டாங்கறதுலதான் இருக்கு. "யூ ஹேட் பெட்டர் கோ"ன்னு சொல்றாங்களே, அந்த ஹேட் பெட்டர்ல பெட்டர்னு இருக்கேன்னு "செஞ்சா நல்லது"ன்னு எடுத்துக்காதீங்க, செய்யலேன்னா வம்புதான்னு எச்சரிக்கிற மாதிரி இருக்கும், பெரியவங்ககிட்ட வேண்டவே வேண்டாம்.

இதுக்கு நேர்மாறா மேனேஜர் ஒரு நாள் "யூ மைட் வாண்ட் டு செக் தட் அகெயின்"னாரு, வேணும்னா பாத்துக்கோன்னு சொல்றார் போலன்னு விட்டுட்டேன், மறுநாள் ஏன் செய்யலன்னு கேட்டப்ப எனக்கு கை கால் நடுங்கிடுச்சு. மேல இருக்கறவங்க அப்படி சொன்னா உடனே செய்யுங்க, புதுசா வந்தவங்க வேலைக்கே ஆபத்தாகலாம்.

எனக்கு இப்ப ரொம்ப பிடிச்சது இஃப் ஐ வேர் யூ. நம்ம "உங்க இடத்துல நான் இருந்தா" அப்படியே அதுதான். ஒரு வாரம் கழிச்சு அந்தம்மா பக்கத்துல உக்காந்து "இஃப் ஐ வேர் யூ, ஐ வுட் சீ எ டாக்டர்"னு மெதுவா சொன்னேன். வியாழக்கிழமை அப்பாயிண்ட்மெண்ட் இருக்குன்னாங்க, அப்புறம் அவங்களே பிரேக் முடியற வரைக்கும் பேசிட்டு இருந்தாங்க.